அரபு மொழியில் அறிவியல் வளர்த்த அமெரிக்க மருத்துவர் கொர்னீலியஸ் வான் டைக்

பிறந்த மண் ஒன்றாகவும், புகழ் நிலைபெற்ற மண் வேறொன்றாகவும் வாழ்ந்து மறைந்தோர் உலக வரலாற்றில் சிலரே. தமிழ் கற்போர்க்கு இத்தகையோர் புதியவரல்லர். இத்தாலியில் பிறந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரையும், ஆங்கிலேயராய்ப் பிறந்து திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப்பையரையும் நாம் நம்மவராகவே எண்ணிப் போற்றி வருகிறோம். அரபு மொழிக்கும் அவ்வாறு வாய்த்த ஒருவர் உண்டு. அவர் அமெரிக்கர், மருத்துவர், பெய்ரூத் நகரில் ஓர் உயர்கல்லூரியின் மருத்துவத் துறையை உருவாக்கி நடத்திய முதல்வர்களுள் ஒருவர். அரபு நாட்டு இளைஞர்க்கு மருத்துவத்தையும் வானியலையும் வேதியியலையும் அரபு மொழியிலேயே கற்பித்து, அதற்குரிய பாடநூல்களையும் தாமே எழுதித் தந்தவர். கொர்னீலியஸ் வான் ஆலன் வான் டைக் என்னும் அப்பெரியாரின் பெயர் நம்மவரிடையே மிகுதியும் அறியப்படவில்லை. அவரது வரலாறு இன்றும் நம்மைத் தொடும் ஒரு வினாவை எழுப்புவதால் அதனை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

வான் டைக் 1818-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹட்சன் ஆற்றங்கரைப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர் வழிவந்தது அவரது குடும்பம். அமெரிக்கக் குடியரசின் எட்டாவது தலைவரான மார்ட்டின் வான் பியூரன் பிறந்ததும் அவ்வூரே. தந்தையார் ஊர் மருத்துவர். மற்றொருவருக்காகப் பிணை நின்று தம் உடைமையை இழந்த அத்தந்தைக்குக் கடைக்குட்டி மகனைப் பெருஞ்செலவில் படிக்கவைக்கும் வசதி இல்லை. ஆகவே மருந்துகளை இடித்தும் அரைத்தும் கலந்தும் கொடுக்கும் தொழிலிலேயே மகன் மருத்துவத்தின் முதற்பாடத்தைக் கற்றான். ஊரைச் சுற்றி வளரும் செடிகொடிகளைத் திரட்டி உலர்த்திப் பெயரெழுதி வைப்பது அவனது இளமைப் பொழுதுபோக்காக இருந்தது. பின்னர்ப் பிலடெல்பியா நகரின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1839-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற மறு ஆண்டே, இருபத்தோரு வயதில், அமெரிக்க மிஷன் சங்கத்தின் மருத்துவராகச் சிரியா நாட்டிற்குக் கப்பலேறினார். 1840 ஜனவரியில் புறப்பட்டவர் ஏப்ரலில் பெய்ரூத் சேர்ந்தார். இன்று லெபனான் எனத் தனிநாடாக விளங்கும் பகுதியும் அக்காலத்தில் சிரியா என்றே வழங்கியது. உதுமானியப் பேரரசுக்குரிய அந்நாடு அப்பொழுது எகிப்தின் முஹம்மது அலீ பாஷாவுடைய படைகளின் பிடியில் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஆங்கிலேய, ஆஸ்திரியக் கப்பற்படைகள் பெய்ரூத்தின்மீது குண்டுமாரி பொழிந்தன. வான் டைக் அச்சமயம் எருசலேம் பக்கம் மருத்துவப் பணிக்குச் சென்றிருந்தார். அமைதி திரும்பிய பின் 1841-இன் தொடக்கத்தில் பெய்ரூத்துக்கு மீண்டு அரபு மொழியைக் கற்க அமர்ந்தார்.

அவர் மொழி கற்ற முறை நோக்கற்பாலது. இலக்கணச் சுவடியோடு அறையில் அடைந்து கிடக்கவில்லை. புத்ருஸ் அல்-புஸ்தானீ என்னும் இளைஞரோடு ஒரே வீட்டில் தங்கினார். இருவரும் ஏறத்தாழ ஒத்த வயதினர். இருவர்க்கும் அப்போது மணமாகவில்லை. உண்பதும் உரையாடுவதும் ஒன்றாக, ஒருவர் மொழியை மற்றவர் பயின்றனர். இந்தப் புஸ்தானீயே பிற்காலத்தில் முஹீத்துல் முஹீத் என்னும் பேரகராதியையும், புதிய முறையில் அமைந்த அரபுக் கலைக்களஞ்சியத்தையும் தொடங்கி வைத்தவர். இலக்கணத்தையும் செய்யுளையும் நாஸிஃப் அல்-யாஸிஜீ என்னும் புலவரிடம் வான் டைக் பாடங்கேட்டார். பின்னர் யூசுஃப் அல்-அஸீர் என்னும் முஸ்லிம் அறிஞரிடமும் ஐயம் களைந்துகொண்டார். ஸைதா நகரத்தவரான ஷைகு யூசுஃப், கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் கற்றுத் தேர்ந்தவர். வீட்டுப் பேச்சிலிருந்து பழம்பாடல் வரை, பாமரர் பழமொழி முதல் மார்க்க அறிஞரின் நடை வரை, அம்மொழியின் எல்லா அடுக்குகளும் இவ்வாறு வான் டைக்குக்கு வசமாயின. அரபியர் அவரைத் தம்முள் ஒருவராகவே கருதினர். மருத்துவரைக் குறிக்கும் ஹகீம் என்னும் சொல்லால் அவரை அழைத்தனர். அறிவு, மருத்துவம் என்னும் இரு பொருளையும் ஒருங்கே சுட்டும் அச்சொல் அவர்க்கு நன்கு பொருந்திற்று.

1842 டிசம்பரில், பெய்ரூத்தில் ஆங்கிலேயத் தூதுவராய் இருந்த பீட்டர் அபட் என்பவரின் மகளாகிய ஜூலியாவை மணந்தார். அடுத்த ஆண்டு லெபனான் மலையிலுள்ள அபைஹ் என்னும் சிற்றூரில் குடியேறி அங்கு ஓர் உயர்நிலைப் பள்ளியை நிறுவுவதில் ஈடுபட்டார். அவ்விடத்திலேயே அவரது வாழ்வின் உண்மையான பணி தொடங்கிற்று எனலாம்.

பள்ளி இருந்தது, மாணவர் இருந்தனர், நூல் இல்லை. புவியியலையோ உயர்கணிதத்தையோ அக்கால நிலைக்கேற்ப அரபியில் கற்பிக்க முயன்றால் கையில் எடுத்துக் கொடுக்க ஓர் ஏடு கிடையாது. இந்நிலையில் ஆங்கிலப் பாடநூல்களைக் கப்பலில் வரவழைத்து, மாணவர்க்கு ஆங்கிலத்தைக் கற்பித்துவிட்டுப் பின்னர்ப் பாடத்தைத் தொடங்குவது எளிய வழி. வான் டைக் அவ்வழியை நாடவில்லை. பகலில் வகுப்பும் நோயாளர் கவனிப்பும். இரவில் நூல் எழுதுதல். முதலில் அவை கையெழுத்துப் படிகளாகவே மாணவரிடையே உலவின. பின்னர்ப் பெய்ரூத்தின் அமெரிக்க அச்சகத்தில் ஒவ்வொன்றாக அச்சேறின. புவியியல் நூல் 1852-இலும், இயற்கணித நூல் 1853-இலும் வெளிவந்தன. வடிவியல், கோணவியல், மடக்கை, கடற்பயண நூல் எனத் தொடர்ந்து எழுதினார்.

இயற்கணிதத்தை அரபியில் எழுத ஓர் அமெரிக்கர் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது மனத்தில் சிறிது வருத்தம் எழாமலில்லை. அக்கலைக்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் பெயரே அல்-ஜப்ரு என்னும் அரபுச் சொல்லின் திரிபு. பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ தந்த கொடை அது. வேதியியலைக் குறிக்கும் கெமிஸ்ட்ரி என்னும் சொல்லும் கீமியா என்னும் அரபுச் சொல்வழி ஐரோப்பா சென்றதே. சென்ற செல்வம் வட்டியோடு திரும்பிய கதையாக, வான் டைக்கின் நூல்களில் அச்சொற்கள் தம் பிறந்தகம் புகுந்தன.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கையாண்ட நெறி தமிழ்த்துறையினராகிய நம் கருத்துக்குரியது. பழைய அரபு நூல்களில் தக்க சொல் இருக்குமாயின் அதனையே எடுத்தாண்டார். வானியல் நூலுக்கு, பழைய அரபு வானியலார் ஆண்ட ஹைஅத் என்னும் சொல்லையே பெயரில் வைத்தார். அந்நூல் 1874-இல் வெளிவந்தது. பழஞ்சொல் இல்லாத இடத்தில் புதுச்சொல் புனையவேண்டும் என்று பிடிவாதம் காட்டவில்லை. 1878-இல் வெளிவந்த நோய்க்குறியியல் நூலின் தலைப்பில் பாதாலஜி என்னும் சொல்லையே அரபு ஒலிக்கேற்ப மாற்றி வைத்துக்கொண்டார். தூய்மை வாதமும் இல்லை. அளவற்ற கடன் வாங்கலும் இல்லை. பொருள் விளங்கவேண்டும், மாணவன் மேலே படிக்கவேண்டும் என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

நம் தமிழுக்கும் இதே காலத்தில் இதே மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மற்றொரு மருத்துவர் இத்தகைய தொண்டு புரிந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டரில் 1822-இல் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, தமிழ் இளைஞர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தவர். அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் தந்தார். 1875-இல் வெளிவந்த அவரது வேதியியல் நூலின் பெயர் கெமிஸ்தம். பெய்ரூத்தில் பாதாலஜி அரபுருவம் பெற்றதுபோலவே மானிப்பாயில் கெமிஸ்ட்ரி தமிழுருவம் பெற்றது. ஒரே சங்கம் அனுப்பிய இரு மருத்துவர், ஒரே தலைமுறையில், அரபியையும் தமிழையும் அறிவியல் மொழிகளாக்க முயன்றனர் என்பது நம் மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

இங்கு ஒன்றை மறைக்காது கூறவேண்டும். இம்மிஷன் சங்கத்தார் மக்கள்மொழியைப் போற்றியது மொழிப்பற்றால் மட்டுமன்று. சமயம் பரப்புவதே அவர்தம் முதல் நோக்கம். அதற்கு மக்கள்மொழியே தக்க கருவி என்று கருதினர். ஆங்கிலம் கற்பித்தால் மாணவர் அரசு வேலைக்கும் வணிகத்துக்கும் சென்றுவிடுகின்றனர் என்பதும் அச்சங்கத்தின் செயலராயிருந்த ரூஃபஸ் ஆண்டர்சனின் கவலை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலவழி உயர்கல்வி தந்த வட்டுக்கோட்டை செமினரி 1855-இல் மூடப்பட்டதும் இக்கொள்கையின் விளைவே. சி.வை. தாமோதரம் பிள்ளையைப் போன்றோரை உருவாக்கிய நிறுவனம் அது என்பதை எண்ணினால், தாய்மொழிக் கல்வி என்னும் பெயரில் நிகழ்ந்தவை யாவும் நன்மையே என்று கூறிவிட முடியாது. வான் டைக்கும் 1846-இல் குருப்பட்டம் பெற்ற மிஷனரியே. ஆயினும் சங்கத்தின் கொள்கை மாறிய காலத்திலும் அவரது மொழிப்பற்று மாறவில்லை என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டும்.

1847-இல் பெய்ரூத்தில் கலை, அறிவியல் உரையாடல்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. புஸ்தானீயும் யாஸிஜீயும் வான் டைக்கும் அதன் உறுப்பினர். அறபு உலகின் மறுமலர்ச்சியாகிய நஹ்தாவின் தொடக்கங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பர். சில ஆண்டுகள் ஸைதா நகரில் பணியாற்றிய வான் டைக்கை 1857-இல் ஒரு பெரும்பொறுப்பு மீண்டும் பெய்ரூத்துக்கு அழைத்தது. விவிலியத்தை மூலமொழிகளிலிருந்து அரபியில் பெயர்க்கும் பணியைத் தொடங்கியிருந்த ஈலை ஸ்மித் அவ்வாண்டு ஜனவரியில் காலமானார். அப்பணி வான் டைக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

மொழிநடையைச் செப்பம் செய்யத் துணையாக அவர் தேர்ந்தெடுத்தது தம் ஆசிரியராகிய ஷைகு யூசுஃப் அல்-அஸீரையே. கிறித்தவ மறைநூலின் மொழிபெயர்ப்புக்கு அஸ்ஹரில் கற்ற முஸ்லிம் அறிஞர் ஒருவரைத் துணைக்கொள்வதா என்ற வினா எழுந்திருக்கக்கூடும். தேவாலய வழக்குகளின் சாயல் படியாத தூய அரபு நடை தமக்கு வேண்டும் என்பதே அவர் கருதிய காரணம். ஷைகு யூசுஃபும் தம் சமயத்தில் சற்றும் வழுவாது, மொழியறிஞர் என்ற முறையில் அப்பணியைச் செம்மையாகச் செய்து கொடுத்தார். அச்சுப்படிகள் உள்நாட்டு அறிஞர்க்கும், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்த ஃப்ளைஷர் போன்ற அரபு வல்லுநர்க்கும் அனுப்பப்பட்டுக் கருத்துக் கேட்கப்பட்டன. 1860-இல் புதிய ஏற்பாடும், 1865-இல் முழு நூலும் அச்சாகி முடிந்தன.

இடையில் 1860-இன் கோடையில் லெபனான் மலையில் துரூஸியருக்கும் மாரோனியக் கிறித்தவருக்குமிடையே பெருங்கலகம் மூண்டு டமாஸ்கஸ் வரை பரவியது. அந்நகரில் அடைக்கலம் தேடிய கிறித்தவர் ஆயிரக்கணக்கானோரைத் தம் மாளிகையிலும் தம் வீரர் காவலிலும் வைத்து உயிர் காத்தவர், அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடி நாடு கடத்தப்பட்டு அங்கு வாழ்ந்த அமீர் அப்துல் காதிர். பெய்ரூத் நகரம் அகதிகளால் நிரம்பிய அந்த ஆண்டில், ஒரு கிறித்தவ மருத்துவரும் ஒரு முஸ்லிம் ஷைகும் ஒரே மேசையில் அமர்ந்து சொற்களை ஆய்ந்துகொண்டிருந்தனர்.

நூலின் அச்சுத் தகடுகளை வார்ப்பிக்கும் பணிக்காக 1865-இல் நியூயார்க் சென்ற வான் டைக் அங்கு இரண்டாண்டுகள் தங்கினார். அந்நாளில் அங்குள்ள யூனியன் இறையியல் கல்லூரியில் எபிரேய மொழி கற்பித்தார். அங்கேயே நிலையாகத் தங்கிவிடும் வாய்ப்பும் வந்தது. அதனை ஏற்காமல் 1867-இல் பெய்ரூத் திரும்பினார். அதற்கு ஓராண்டுக்கு முன், 1866 டிசம்பரில், 16 மாணவர்களோடு சிரிய புராட்டஸ்டண்ட் கல்லூரி அங்குத் தொடங்கப்பட்டிருந்தது. டேனியல் பிளிஸ் அதன் தலைவர். 1867-இல் அங்கு மருத்துவத் துறை தோன்றியபோது அதன் தூண்களாக மூவர் விளங்கினர்: நோய்க்குறியியலுக்கு வான் டைக், உடற்கூற்றியலுக்கு ஜான் வர்த்தபெத், அறுவை மருத்துவத்துக்கு ஜார்ஜ் போஸ்ட். மூவரும் அரபியில் கற்பித்தனர். மூவரும் அரபியில் நூல் எழுதினர்.

வான் டைக் நோய்க்குறியியலோடு நின்றாரல்லர். வேதியியலுக்குப் பேராசிரியர் அமையும்வரை அதனையும் தாமே கற்பித்தார்; 1869-இல் வேதியியல் நூலைத் தம் செலவிலேயே வெளியிட்டார். கலைப்பிரிவு மாணவர்க்கு வானியல் கற்பித்தார். கல்லூரிக்கு ஒரு வானாய்வுக் கூடம் எழுந்தபோது அதற்கான கருவிகள் பலவற்றைத் தம் கைப்பணத்தில் வாங்கினார். அங்கிருந்து வானிலைக் குறிப்புகள் தந்திமூலம் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பப்பட்டன. இவ்வளவுக்கும் அவர் பெற்ற ஊதியம் பிற பேராசிரியர் பெற்றதினும் குறைவு. ஒரு மிஷனரிக்குரிய ஊதியத்துக்கு மேல் அவர் கேட்கவில்லை.

அவரது பதிப்புப் பணிகளுள் நம் நெஞ்சுக்கு மிக அணுக்கமானது ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டின் மாபெரும் மருத்துவராகிய அர்-ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்தறிந்து, அவற்றின் குறிகளையும் கவனிப்பு முறையையும் விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். இலத்தீனிலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் பலமுறை பெயர்க்கப்பட்ட நூல் அது. அதன் அரபு மூலத்தை 1872-இல் வான் டைக் பதிப்பித்தார். புதிய மருத்துவத்தைப் பயிலும் அரபு மாணவன், தன் முன்னோர் அத்துறையில் எங்கு நின்றனர் என்பதையும் அறியவேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். மேனாட்டு அறிவை விற்க வந்த பலர் கீழைநாட்டாரின் பழைய அறிவைப் பழித்துத் தம் சரக்குக்கு விலை ஏற்றிய காலம் அது. இவரோ மறந்துபோன முதலை எடுத்து உரியவர் கையில் கொடுத்தார்.

1876-இல் கல்லூரியின் இளம் ஆசிரியர்களாயிருந்த யஅகூப் ஸர்ரூஃப், ஃபாரிஸ் நிம்ர் என்னும் இருவர் அறிவியலுக்கென ஓர் அரபுத் திங்களிதழ் தொடங்க விரும்பினர். வான் டைக் அவர்க்கு ஊக்கமளித்து, இதழுக்கு அல்-முக்ததஃப் என்னும் பெயரையும் சூட்டினார். பறித்தெடுத்த நற்கனிகள் என்னும் கருத்துடைய பெயர் அது. பின்னர்க் கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அரபு உலகெங்கும் படிக்கப்பட்டது அவ்விதழ்.

கல்லூரி வளர்ந்தது. வளர்ச்சியோடு ஒரு மாற்றமும் நுழைந்தது. புதிதாக அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர்க்கு அரபு தெரியாது. கற்கும் பொறுமையும் பலர்க்கு இல்லை. மேனாட்டில் ஆண்டுதோறும் புதிய கண்டுபிடிப்புகள் வெளிவர, அரபு நூல்கள் விரைவில் பழமையடைந்தன. மாணவரும் வேலைவாய்ப்புக்காக ஆங்கிலத்தை விரும்பினர். 1882-இல் எகிப்து ஆங்கிலேயர் வசமானதும் அவ்விருப்பம் மேலும் வலுத்தது. இக்காரணங்களால் கலைப்பிரிவு 1880-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு மாறிற்று. மருத்துவப் பிரிவும் 1887-இல் மாறியது. காரணங்கள் யாவும் பொய்யல்ல. இன்று நம் நாட்டில் இவ்வினா எழும்போதெல்லாம் இதே காரணங்கள் இதே வரிசையில் கூறப்படுவதை நாம் கேட்டு வருகிறோம். ஆனால் நூல் பழமையடைந்தால் புதுப்பிப்பதற்கு ஆளும் பணமும் ஒதுக்குவதா, மொழியையே மாற்றிவிடுவதா என்பதில் கல்லூரி நிருவாகம் பின்னதைத் தேர்ந்தது.

அம்மாற்றம் முடிவுறும் முன்பே வான் டைக் கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1882 ஜூலையில் பட்டமளிப்பு விழாவில் வேதியியல் பேராசிரியர் எட்வின் லூயிஸ் அரபியில் உரையாற்றினார். அறிவைத் தேடுவதில் அயராது உழைத்தோர்க்கு எடுத்துக்காட்டாக அவர் கூறிய பெயர்களுள் டார்வினும் ஒருவர். அவ்வுரை அல்-முக்ததஃப் இதழில் வெளியாயிற்று. டார்வினின் கொள்கை முழுவதும் சரி என்று லூயிஸ் வாதிடவில்லை. எனினும் கல்லூரித் தலைவரும், நியூயார்க்கில் இருந்த அறங்காவலரும் அதனைப் பெருங்குற்றமாகக் கொண்டனர். ஆண்டு முடிவதற்குள் லூயிஸ் பதவி இழந்தார்.

மருத்துவ மாணவர் கொதித்தெழுந்தனர். வகுப்பு புறக்கணிக்கப்பட்டது, முறையீடுகள் எழுதப்பட்டன, மாணவர் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அரபு நாடுகளின் மாணவர் போராட்ட வரலாற்றில் இதுவே முதன்மையானது என்பர். அப்போராட்டத்தில் முன்னின்ற ஜுர்ஜி ஸைதான் என்னும் ஏழை மாணவர், படிப்பை இடையில் விட்டுக் கெய்ரோ சென்று, 1892-இல் அல்-ஹிலால் என்னும் புகழ்பெற்ற இதழைத் தொடங்கினார். வரலாற்றுப் புதினங்கள் பலவற்றையும் எழுதினார்.

வான் டைக்குக்கு அப்போது வயது அறுபத்து நான்கு. ஓய்வூதியமோ பெருஞ்செல்வமோ அவர்க்கு இல்லை. உருவாக்கிய துறை, வாங்கி வைத்த கருவிகள், வளர்த்த மாணவர் எல்லாம் அக்கல்லூரியிலேயே இருந்தன. லூயிஸுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று கருதி அவர் தம் பதவியைத் துறந்தார். அவரோடு வர்த்தபெத்தும் வேறு சிலரும் விலகினர். விலகியவர்களுள் அவர் மகன் வில்லியமும் ஒருவர். பெய்ரூத்தின் தெருநாய்களை ஆராய்ந்து வில்லியம் எழுதிய கட்டுரையை, டார்வின் தம் இறப்புக்குச் சற்று முன்னர், 1882 ஏப்ரலில், இலண்டன் விலங்கியல் கழகத்துக்கு முன்னுரையோடு அனுப்பிவைத்தார் என்பது ஒரு சுவையான செய்தி. தந்தையார் டார்வின் கொள்கையை ஏற்றாரா என்பது இங்கு முதன்மையன்று. தம்மோடு பணியாற்றும் ஒருவர், கூறாத ஒன்றுக்காகவும் கூறிய விதத்துக்காகவும் தண்டிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருக்க அவரால் இயலவில்லை. கல்வி நிறுவனங்களில் பணியாற்றுவோர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். 1884-இல் ஸர்ரூஃபும் நிம்ரும் அக்கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர். ஆசிரியர்கள் சமயக் கொள்கை அறிக்கையில் கையொப்பமிட வேண்டும் என்னும் விதியும் வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது.

பதவி துறந்த பின்னும் வான் டைக் தாயகம் திரும்பவில்லை. பெய்ரூத்தில் கிரேக்க மரபுவழித் திருச்சபையார் நடத்திய புனித ஜார்ஜ் மருத்துவமனையில் நோயாளர்க்குச் சிகிச்சை அளித்தார். தம் சபை வேறு, அச்சபை வேறு என்னும் எண்ணம் அவரைத் தடுக்கவில்லை. 1886 முதல், பொதுமக்களும் பள்ளி மாணவரும் படித்தறியும் வகையில் அறிவியல் துறைகள் பலவற்றைச் சிறு சிறு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். அவ்வரிசைக்கு அந்நக்ஷு ஃபில் ஹஜர் என்று பெயரிட்டார். இளமையில் கற்பது கல்லில் பொறித்த எழுத்து என்னும் வழக்கு அரபியிலும் உண்டு. நம் 'இளமையிற் கல்வி சிலையில் எழுத்து' என்னும் பழமொழியின் உடன்பிறப்பு அது. அதனை நினைவூட்டும் தலைப்பே அது. கல்லூரி ஆங்கிலத்துக்கு மாறிய அதே ஆண்டுகளில்தான் முதியவராகிய இவர் அரபியில் தொடக்கநூல்களை எழுதிக்கொண்டிருந்தார்.

1890 ஏப்ரலில், அவர் பெய்ரூத் மண்ணில் காலடி வைத்து ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றன. முஸ்லிம், கிறித்தவர், யூதர், துரூஸியர் என்னும் வேறுபாடின்றி நகரத்தார் அப்பொன்விழாவைக் கொண்டாடினர். 1892-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவர்க்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1895 நவம்பர் 13-ஆம் நாள் தம் எழுபத்தேழாம் வயதில் பெய்ரூத்திலேயே காலமானார். புனித ஜார்ஜ் மருத்துவமனையில் பின்னர் அவர்க்குப் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது. தந்தையாரின் மொழிப்பற்று மற்றொரு மகனாகிய எட்வர்டுக்கும் வாய்த்தது. அச்சேறிய அரபு நூல்களைத் தொகுத்து அவர் அரபியிலேயே எழுதிய நூலடைவு 1896-இல் கெய்ரோவில் வெளிவந்தது.

வான் டைக் விலகிய கல்லூரி 1920-இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று அதன் வளாகத்தில் நலவியல் துறை இயங்கும் கட்டடம் வான் டைக் மண்டபம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குப் பாடம் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. அரபு மொழியில் மருத்துவம் கற்பிக்கும் மரபு வேறிடத்தில் வேரூன்றியது. 1919-இல் டமாஸ்கஸில் மருத்துவக் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டபோது அரபியையே பயிற்றுமொழியாகக் கொண்டது. அதன் ஆசிரியர்கள் கலைச்சொல் தேடி அமர்ந்தபோது அரபு மருத்துவ நூல்கள் அவர்கட்கு முன்னரே ஒரு வரிசையாக இருந்தன. அபைஹ் மலையூரின் இரவுகளில் தொடங்கி எழுதப்பட்ட வரிசை அது. டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் இன்றளவும் மருத்துவம் அரபியில் பயிற்றப்படுகிறது.